சாணி மிஸ்ஸும் எங்கள் பங்கரும்

காஸ் சிலிண்டர் மாற்றுகிற நாளில், பழைய சிலிண்டரின் கழுத்திலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றும்போது ஒரு மூச்சு நாற்றம் வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம். வீட்டில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடுகிறார்கள். நான் அந்த இடத்திலேயே நிற்கிறேன். அந்த ஒரு மூச்சுக்குள் கண்டி வீதி வருகிறது, எங்கள் ஊர் கப்பல்துறை வருகிறது, வேலியில் சாய்த்த ஒரு லேடீஸ் சைக்கிள் வருகிறது. பிறகு அவர் வருகிறார். வருகிறார் என்றா சொன்னேன்? அவர் எங்கே வந்தார்? பாய்ந்தார்.

சைக்கிளுக்கு ஸ்டாண்ட் இருந்தது. அவர் அதைத் தட்டி நிறுத்தி நான் ஒருநாளும் கண்டதில்லை. வேலியில் சாத்துவார். சாத்தியது வழுக்கி விழும். விழுந்த சத்தம் எங்கள் காதில் ஏறும்போது அவர் ஏற்கெனவே குசினிக்குள் நிற்பார். கதிரை எடுத்துப் போட்டால் அதில் தன் பையை இருத்துவார். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடி ஊதி ஊதிப் பாதியைக் குடித்து, மீதியை எங்கோ ஒரு கட்டில் வைத்து மறந்துவிடுவார். கண் மட்டும் அடுப்பிலேயே இருக்கும்.

"இது எந்தக் காட்டு விறகு?"

எந்த வீட்டுக்குப் போனாலும் அதுதான் முதல் கேள்வி. உன் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், புருசன் எங்கே, எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தார். வெளிநாட்டுக் காசில், மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குச் சாணியிலிருந்து காஸ் எடுக்கும் குழி கட்டிக் கொடுக்கிற திட்டம். சீமெந்தும் கல்லும் மேசனும் அவர்கள் தருவார்கள். குழி வெட்டுவதும் மண் சுமப்பதும் எங்கள் பங்கு. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், பத்து வீடு சேர வேண்டும். முதல் குழியில் நெருப்பு எரிவதைக் காசு கொடுக்கிறவர்கள் வந்து கண்ணால் பார்த்தால்தான் மற்றக் குழிகளுக்குக் காசு. இல்லையென்றால் அது வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். முகத்துக்கு முன்னால் அவரை மிஸ் என்றோம். முதுகுக்குப் பின்னால் சாணி மிஸ். அது அவருக்குத் தெரியும். ஒருநாள் வேலிப் படலையில் நின்று, "மாமி, சாணி மிஸ் வந்திருக்கு, ஆக்கள் இருக்கினமே?" என்று அவரே குரல் கொடுத்தார். என் மாமியார் நாணிக்கொண்டு குசினிக்குள் ஒளித்துவிட்டார்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலம் முடிந்து, எங்கள் ஊர் வளைகுடாவின் இரண்டு கரைகளும், இந்தப் பக்கம் ஆமி, அந்தப் பக்கம் இயக்கம் என்று, மறுபடி ஒன்றையொன்று குறிபார்க்கத் தொடங்கியிருந்தன. அந்த நாட்களில் எங்கள் எல்லோரிடமும் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நிலைமை சரிவரட்டும். கூரைத் தகரம் ஓட்டை, நிலைமை சரிவரட்டும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு, நிலைமை சரிவரட்டும். பல்லுக் கொதிக்கிறது, கிணறு வற்றுகிறது, பிள்ளை இன்னும் பள்ளிக்குப் பதியவில்லை, எல்லாம் நிலைமை சரிவந்தாப் பிறகு. நாங்கள் வாழவில்லை, வரிசையில் நின்றோம். வரிசையின் அந்தத் தலைப்பில் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அந்த வாக்கியத்தைக் கேட்டால் மிஸ்ஸுக்கு உடம்பு எரியும்.

"நிலைமை சரிவருமட்டும் சோறு அவிக்காமல் இருக்கப்போறியளே? அவிக்கிறியள்தானே? அப்ப விறகு வேணும்தானே? விறகுக்கு ஆர் போறது, நிலைமையோ? நீங்கள்தானே போறியள்."

நான்தான் போனேன். என் கணவர் கத்தாரில். வீட்டில் மாமி, மூன்று வயது மகள், இரண்டு மாடு, ஒரு கன்று. கிழமைக்கு இரண்டு தரம் ஒழுங்கைப் பெண்களோடு சேர்ந்து குளக்கட்டைத் தாண்டிக் காட்டுக்குப் போவோம். ஆமியின் காவல் சென்றியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். முதலில் ஓரத்து விறகு முடிந்தது. பிறகு கொஞ்சம் உள்ளே. பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே. அடுத்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி அந்த 'இன்னும் கொஞ்சம் உள்ளே'யில் கால் வைத்தாள். அந்தக் கால் அவளோடு திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை ஒருவரும் போகவில்லை. அடுத்த கிழமை போனோம். அரிசி ஊறப்போட்டால் வெந்துவிடுமா?

ஆகவே திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. பிரச்சினை குழி. எங்கள் வளவு கற்பாறை. கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். வெட்ட ஆண்பிள்ளை இல்லை, கூலிக்கு ஆள் பிடிக்கவும் ஏலாது. மிஸ் வளவைச் சுற்றி வந்தார். மாட்டுக் கொட்டில், கிணற்றடி, வாழை. பிறகு வேப்பமரத்தின் கீழ் வந்து நின்றார். நின்றதே புதினம்.

"இது எவ்வளவு ஆழம்?"

அது எங்கள் பங்கர். ஷெல் வந்தால் ஓடி ஒளிக்கிற குழி. மாமா உயிரோடு இருந்த காலத்தில், முந்திய சண்டையில், மாசக்கணக்காக வெட்டியது. மேலே பனங்குற்றி, அதன் மேல் மண்மூட்டை. மிஸ் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டார். சற்று நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மாமி! அரைவாசி வேலை முடிஞ்சுது, மாமி!"

மாமி என்னைப் பார்த்தார். "உவளுக்கு விசரே?"

மிஸ் வெளியே வந்தார். தலைமுடியில் சிலந்திவலை. "கொஞ்சம் அகட்டி வட்டமாக்கினாக் காணும். மேல கல்லால கவிச்சுக் கட்டுவம்."

"அப்ப ஷெல் அடிச்சா நாங்கள் எங்க போறது? உன்ர சாணிக்குள்ளயோ?"

"போன தரம் எப்ப மாமி இதுக்குள்ள இறங்கினீங்கள்?"

"அது சமாதானத்துக்கு முன்னம்."

"விறகுக்கு?"

முந்தாநாள் என்று மூவருக்கும் தெரியும்.

இப்படித்தான் அவர். உங்கள் இரண்டு பயங்களையும் இரண்டு கையில் தூக்கி நிறுத்துப் பார்க்கச் சொல்வார். யோசிக்க நேரம் தரமாட்டார். "நாளைக்குச் சொல்லுங்கோ" என்றுவிட்டு, விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தி, ஏறாமலே ஓடிக் கொஞ்சத் தூரம் போய்ப் பிறகு ஏறினார்.

நான் அடுத்த நாள் காட்டுக்குப் போனேன். அந்தப் பெண் மிதிவெடியில் விழுந்த இடத்துக்குப் பக்கத்தால் பாதை. அவளுடைய ஒற்றைச் செருப்பு பற்றையடியில் அப்படியே கிடந்தது, பட்டி அறாமல். எடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. நான் வந்து விறகைப் போட்டுவிட்டு மாமியிடம் சொன்னேன், "பங்கரைக் குடுப்பம்." மாமி அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மண்மூட்டைகளை இழுத்து இறக்கும்போது மறுபக்கத்தைப் பிடித்தது அவர்தான்.

குழி கட்டி முடிந்து, சாணியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து ஊற்றுகிற வேலை தொடங்கியது. அது பெரிய வேலை. வைக்கோல் துண்டு, கல், ஒன்றும் இருக்கக் கூடாது. கை முழங்கை வரை சாணிக்குள் இருக்க வேண்டும். மிஸ் எங்களோடு நின்று கரைத்தார். மாமிக்கு அன்றுதான் அவர்மேல் முதல் இரக்கம் வந்தது.

"பிள்ளை எவடம்?"

"வெருகல் பக்கம், மாமி."

"வீட்டில ஆர் இருக்கினம்?"

"வீடு இருந்தாத்தானே மாமி, ஆரும் இருக்கிறதுக்கு." சிரித்துக்கொண்டே சொன்னார். கை நிற்கவில்லை. "இஞ்ச பாருங்கோ, இதில ஒரு கல்லுக் கிடக்கு. இதுதான் குழாயை அடைக்கிறது."

அந்த ஒரு வரிக்கு மேல் அவருடைய கதை எனக்குத் தெரியாது. கேட்க வாய் எடுக்கும்போதெல்லாம் அவர் வேறொரு வீட்டில் இருந்தார்.

ஆமி சுற்றிவளைப்புக்கு வந்த காலையும் அவர் எங்கள் வளவில்தான் நின்றார். புதிதாகக் கட்டிய குவிமாடத்தைக் கண்டதும் ஒரு சிப்பாய்க்கு முகம் மாறியது. நியாயம்தான். நிலத்துக்குக் கீழே ஒரு அறை, ஒரு வாய், ஒரு மூடி. அந்தக் காலத்தில் அதற்கு அவனுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று. "பங்கர்? ஆயுதம்?" என்றான். மிஸ் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். அவன் நம்பவில்லை. நிலத்தைக் குத்திப் பார்க்கிற நீண்ட இரும்புக் கம்பியைச் சாணி ஊற்றும் வாயால் உள்ளே விட்டுக் கிளறினான். "வேண்டாம்" என்று மிஸ் மூன்று மொழியிலும் சொன்னார். அவன் கம்பியை இழுத்து எடுத்தான். கம்பியோடு, பல நாளாக ஊறிய எங்கள் இரண்டு மாட்டின் உழைப்பும் அவன் சட்டைக்கு வந்தது. பின்னால் நின்ற மற்றச் சிப்பாய்கள் துவக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். நாங்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தோம். மிஸ் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். அவன் கை கழுவினான். போகும்போது அவன் மெதுவாக ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்றேன்.

"தங்கட ஊரில அம்மாவுக்கும் இப்பிடி ஒண்டு கட்டேலுமோ எண்டு கேக்கிறான்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எத்தினை மாடு எண்டு கேட்டனான்."

நெருப்புப் பற்றவைக்கிற நாள் ஒழுங்கையே எங்கள் குசினிக்குள். குழாயைத் திறந்தார்கள். புஸ் என்று காற்று வந்தது, நாற்றம் வந்தது. நெருப்புக்குச்சியைக் காட்டினால் குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பரிமளமக்கா நின்றார். பக்கத்து வீடு, ஆனால் முருங்கை மரம் ஒன்றின் பேரில் என் மாமியோடு பல வருடமாகப் பேச்சில்லை. வேலியைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். "பங்கரையும் குடுத்து நாத்தத்தையும் வாங்கியாச்சு."

மாமி சுருங்கிப்போனார். மிஸ்ஸின் நெற்றியில் வியர்வை. "முதல் காத்து எரியாது. அதைத் திறந்து விட்டிட வேணும். நல்லது பின்னாலதான் வரும்." அவர் குழாயருகே குந்தி, திறந்து, மூடி, முகர்ந்து, திறந்து, சனம் ஒவ்வொருவராகக் கலைந்து போகும்வரை அங்கேயே இருந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி குச்சியைக் காட்டினார். நீலமாக, சத்தமே இல்லாமல், அரச இலை அளவில் ஒன்று எழுந்தது. புகை இல்லை. புகை இல்லாத நெருப்பைப் பார்த்த மாமி அதை நெருப்பென்று நம்பாமல் விரலை நீட்டிச் சுட்டுக்கொண்டார்.

அதிலும் ஒரு சண்டை. முதல் சட்டி சல்லி அம்மனுக்குப் பொங்க வேண்டும் என்று மாமிக்கு நேர்த்தி. ஆனால், "மாட்டின்ர வயித்தால போனதில எரியிற நெருப்பு. அம்மாளுக்கு இதில பொங்குறதோ?"

மிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "திருநீறு எதில செய்யிறது, மாமி?"

மாமி வாயை மூடிக்கொண்டு போய்க் கால் முகம் கழுவிவிட்டு வந்தார். அடுப்பின் நெற்றியில் மூன்று குறி இழுத்தார்.

காசு கொடுக்கிறவர்களின் ஆள் ஒருவர் வந்து, அந்த அடுப்பில் வைத்த தேத்தண்ணியைக் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போனார். மற்ற வீடுகளுக்கும் காசு உறுதி என்று செய்தி வந்தது. நான் காட்டுக்குப் போவதை விட்டேன். மற்றப் பெண்கள் விறகோடு எங்கள் படலையைக் கடக்கும்போது குசினிக்குள் போய் நிற்பேன். ஏன் என்று சொல்லத் தெரியாது.

பிறகு அந்தப் பின்னேரம்.

முதல் ஷெல் கடலுக்குள் விழுந்தது. வளைகுடா முழுக்க ஒரு பெரிய கதவு அடித்துச் சாத்தியதுபோல. இரண்டாவது கரைக்கு வந்தது. என் கால் வேப்பமரத்தடிக்கு ஓடியது. ஓடி வந்து நின்ற பிறகுதான் நினைவு வந்தது, அங்கே பங்கர் இல்லை, சீமெந்துக் குவிமாடம் இருக்கிறது, உள்ளே சாணி. மகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் குவிமாடத்தைச் சுற்றி ஓடினேன், வாசல் தேடுகிற கோழிபோல. காஸ் நிரம்பிய குழிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன். மாமி தடுமாறிக்கொண்டு வாழையடியில் படுத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பரிமளமக்காவின் குரல். "எடியே, வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாங்கோடி! பிள்ளையைத் தா! பிள்ளையை முதல் தா!"

வேலியின் தென்னோலைக் கிடுகைக் கையால் கிழித்தோம். அவர்களின் பங்கருக்குள் ஆறு பேர், முழங்கால் முழங்காலோடு. மண் தலையில் கொட்டியது. மகள் அழவில்லை, அதுதான் பயம். இருட்டுக்குள் பரிமளமக்கா சொன்னார், "உங்கட சாணி மிஸ்ஸைக் கூப்பிடுங்கோவன், ஷெல்லுக்கும் ஒரு திட்டம் வைச்சிருப்பா." மாமி சொன்னார், பல வருடத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் சொல், "கொஞ்சம் தள்ளி இரு, பரிமளம். கால் விறைச்சுப் போச்சு."

அடுத்த நாள் காலை ஆமி வீதியைத் திறந்துவிட்ட உடனே மிஸ் வந்தார். குசினிக்குப் போகவில்லை. வேலியில் கிடந்த ஓட்டையைப் பார்த்தார். குவிமாடத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நான் இரவு முழுக்கச் சேர்த்து வைத்ததைக் கொட்டினேன்.

"என்ர பிள்ளைக்கு ஒண்டு நடந்திருந்தா, மிஸ்? நீங்கள் சொல்லித்தானே பங்கரைக் குடுத்தனாங்கள்? உங்களுக்கு எல்லாம் ஓடி ஓடிக் கெதியா வேணும். ஷெல்லும் கெதியாத்தான் வருது."

அவர் பையைக் கீழே வைத்தார். கதிரையில் இருந்தார். நான் அவரை அறிந்த காலத்தில் அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தது அந்த ஒரு தரம்தான். தன் கைகளைப் பார்த்தார். நகத்தின் ஓரங்களில் காய்ந்த சாணி.

"ஓம்," என்றார். "நான் அதை யோசிக்கேல்ல. விறகை மட்டும்தான் யோசிச்சனான்."

அவர் நியாயம் பேசுவார், தப்பப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். இல்லை. அந்த ஒரு ஓம்தான். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் போக இடமில்லாமல் நின்றது.

அப்போது வேலி ஓட்டைக்குள்ளால் பரிமளமக்கா தலையை நீட்டினார். "மிஸ், எங்களுக்கும் உந்தக் குழியை எப்ப வெட்டப்போறியள்? என்ர பங்கரைத் தரமாட்டன், சொல்லிப்போட்டன்."

மிஸ் எழுந்தார். எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்தது. ஓட்டையருகே போனார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"உங்களிட்ட எத்தினை மாடு, அக்கா?"

"மூண்டு."

"உங்கட சாணியை இஞ்ச கொண்டுவந்து ஊத்துங்கோ. குழாய் ஒண்டை வேலிக்குள்ளால உங்கட குசினிக்கு விடுறன். ரெண்டு வீட்டுக்கு ஒரு காஸ். ரெண்டு வீட்டுக்கு ஒரு பங்கர். அவையின்ர பிள்ளை உங்கட பங்கருக்குள்ள. உங்கட சோறு அவையின்ர நெருப்பில."

"உங்கட கந்தோரில, மேலதிகாரியள் விடுவினமோ? வீட்டுக்கு ஒரு குழி எண்டெல்லே சொன்னவை?"

"அவைக்குப் பங்கர் எண்டா என்னெண்டு தெரியாது அக்கா. நான் தெரியப்படுத்துறன்."

என்ன சண்டை பிடித்தாரோ, ஒப்புக்கொள்ள வைத்தார். பத்து வீடு ஐந்து சோடி ஆனது. ஒவ்வொரு சோடியிலும் யாருடைய பங்கர் போவது, யாருடையது நிற்பது என்பதில் பெரிய சண்டைகள். அந்த வேலி அப்படியே ஓட்டையாக நின்றது. முருங்கைக் காய் இரண்டு குசினிக்கும் போனது.

மூன்று சோடி முடிந்தது. நான்காவதற்குச் சீமெந்து வரவில்லை. நிறுவனங்களை ஒவ்வொன்றாக வெளியேறச் சொல்கிறார்கள் என்றார்கள். காசு நின்றது என்றார்கள். ஒருநாள் பரிமளமக்கா ஓடிவந்து, மிஸ் சந்தியில் பையோடு நிற்கிறா, பஸ்ஸுக்கு, என்றார். நான் ஓடினேன்.

அவர் வீதியின் விளிம்பில் நின்றார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

"சொல்லாமல் போறியளே, மிஸ்?"

"சொல்ல வெளிக்கிட்டா மிச்ச நாலு வீட்டுக்கும் முன்னால நிக்க வேணுமெல்லே."

"அவை கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"காசு நிண்டுபோச்சு எண்டு சொல்லுங்கோ. பொய் சொல்லாதேங்கோ."

"பிறகு அவை காட்டுக்குத்தானே போவினம்."

பஸ் வந்தது. நிற்காமல் நின்றது. அவர் பையை உள்ளே எறிந்துவிட்டு ஒரு காலைப் படியில் வைத்தார். மற்றக் கால் நிலத்தில்.

"பின்னேரத்தில உங்கட அடுப்பு சும்மாதானே கிடக்கு? அவையும் வந்து அதில அவிக்கட்டுமே?"

"ரெண்டு வீட்டுச் சோறு, மிஸ். காஸ் காணாது."

"காணாது. எனக்குத் தெரியும், காணாது."

"அக்கா, ஒண்டில் ஏறுங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ," என்றான் கொண்டக்டர். பஸ் உருளத் தொடங்கியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சரிந்தார். நான் கூடவே ஓடினேன்.

"கறியை விடுங்கோ, சோத்தை மட்டும் அவிக்கச் சொல்லுங்கோ. ஒருத்தியையும் காட்டுக்கு விடாதேங்கோ, பிள்ளை!"